பத்து நிமிஷம் சார்



போன வாரம் பெங்களூரு பக்கம் போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன் அல்லவா, அதில் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் போன் செய்துவிட்டீர்கள். "சார் ஏன் டீச்சர் அவ்வளவு வாடிப்போய் இருக்கார்?" என்று ஒரே கேள்வி. என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "எங்க அண்ணன ராட்டினத்துல ஏத்திட்டீங்களா அண்ணி?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். ராட்டினம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவரைச் சாய்த்தது அன்று ராத்திரிச் சாப்பாடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிடப் பாடவேளையை உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

இந்த மே மாதத்தோடு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். ஏதாவது செய்ய வேண்டும் என்று மகனும் மருமகளும் மூன்று மாதமாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் லீவு, எங்களுக்கும் விசேஷம் என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பிடதியில் இருக்கும் வொண்டர்லாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான் மகன். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி போய், அங்கே நைஸ் ரோட்டைப் பிடித்தால் பெங்களூருக்குள் நுழையாமலே மைசூர் ரோட்டில் இறங்கிவிடலாம். முதல் நாள் சாயங்காலம் போய் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் பகல் முழுக்க பார்க். ராத்திரி எல்லோரும் ஒரு பெரிய ஹோட்டலில் டின்னர். அதற்கடுத்த நாள் சன்னபட்டணாவில் பேத்திக்கு மரப்பொம்மை, மத்தூரில் வடை, அப்படியே ஊர் திரும்புவது. இதுதான் திட்டம்.

பார்க்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2005-லிருந்து நடக்கிறது, இன்னும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான்தான் வேண்டும் என்றார்கள். அறுபத்து நாலு வயதில் மருமகளின் நைலான் பேன்ட்டை மாட்டிக்கொண்டு அலைக்குளத்தில் நின்றேன். சேலை மடிப்பு கலையாத டீச்சரைத்தான் உங்களுக்குத் தெரியும், அப்படியே இருக்கட்டும். அந்தப் படத்தைத் தேடாதீர்கள், எடுக்கவே விடவில்லை. தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டரைக் காட்டி, "இதுல உக்காந்திருக்கறவங்க ஏன் கீழ விழல, சொல்லு?" என்று பேரனிடம் மையநோக்கு விசையை ஆரம்பித்தேன். "பாட்டி, இப்ப லீவு பாட்டி" என்றுவிட்டு ஓடிவிட்டான்.

எங்கள் வீட்டுச் சார் எதிலும் ஏறவில்லை. ஆனால் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நடந்துகொண்டே இருந்தார். அவர் போன் 14,000 அடிகள் என்று காட்டியது. ஒரு ராட்டினத்துக்கு நீண்ட வரிசை. வாசலில் நின்ற பையன், "இங்கேருந்து நாப்பது நிமிஷம் ஆகும், நிக்க முடியும்னா நில்லுங்க" என்று சொல்லித்தான் விட்டான். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பேரன் ஏறினான். சார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கணக்கு வாத்தியாருக்கு விடை சரியாக வந்துவிட்டால் வரும் முகம் உங்களுக்குத்தான் தெரியுமே.

இன்னொன்று. பார்க்குக்குள் வெளித் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் கடலை உருண்டை அன்றைக்கு லாட்ஜ் அறையில் இருந்தது. மருமகளின் பையில் இருந்த பிஸ்கட்டும் அங்கேதான்.

ஹோட்டலின் பெயரை எழுதமாட்டேன். கேட்டும் போன் செய்யாதீர்கள். பார்க்குக்கு வெளியே, மெயின் ரோட்டில் இருக்கிற ஹோட்டல். பெரிய கண்ணாடிக் கதவு, மேலே மாடியில் பார்ட்டி ஹால், துணியில் மடித்து வைத்த கரண்டி, முள்கரண்டி. மகன் ஒரு வாரம் முன்பே மேசை சொல்லி வைத்திருந்தான்.

ஏழு நாற்பதுக்கு உட்கார்ந்தோம். ஏழு ஐம்பத்தைந்துக்கு கேப்டன் வந்து ஆர்டர் எடுத்தார். நன்றாகவே தமிழ் பேசினார். பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், எங்களுக்கு நான், பனீர், கோபி மஞ்சூரியன், ஒரு புலாவ், சாருக்கு மட்டும் தயிர் சாதம், எல்லாவற்றுக்கும் முன்னால் சூப். சார் நேரடியாகவே கேட்டார்: "நான் சுகர் பேஷன்ட். சாப்பாட்டுக்கு முந்தி போடற மாத்திரை இருக்கு. எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குத் தக்கன போட்டுக்கறேன்." கேப்டன் யோசிக்கவே இல்லை. "பத்து நிமிஷம் சார். சூப்பு உடனே வந்துரும்." சார் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

எட்டேகால். சூப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கூப்பிட்டால், "ரெடி ஆயிடுச்சு மேடம், ரெண்டே நிமிஷம்." எட்டரை. "வந்துட்டே இருக்கு மேடம்." பக்கத்து மேசைகளிலும் இதே கதைதான். பார்க் மூடியவுடன் குடும்பம் குடும்பமாக எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு குழந்தை பசியில் அழுது அப்படியே தூங்கிவிட்டது. நான் எழுந்து கேப்டனிடம் போய், "தம்பி, அவர் மாத்திரை போட்டாச்சு. ரெண்டு ரொட்டித் துண்டாவது குடுங்க" என்றேன். "இதோ அனுப்பறேன் மேடம்" என்றார். அந்த ரொட்டித் துண்டு இன்றுவரை வரவில்லை.

எட்டு நாற்பத்தைந்துக்கு சாரின் நெற்றியில் வியர்வை. ஏசி ஓடுகிறது, எனக்கே குளிருகிறது, அவருக்கு வியர்க்கிறது. தண்ணீர் டம்ளரை எடுத்தவர் கை நடுங்கி மேசையில் ஊற்றிவிட்டார். பேத்தி சிரித்தாள். சார் அவளைப் பார்த்து எரிந்து விழுந்தார். அந்தக் குழந்தையை அவர் ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

விஞ்ஞான டீச்சரை இரண்டு நிமிடம் பேச விடுங்கள். நாள் முழுக்க நடந்த கால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். சாருடைய மாத்திரை கிளிமிப்பிரைடு வகை. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. இன்சுலின் வேலையை ஆரம்பித்துவிட்டது, அதற்கு ஈடு கொடுக்க வேண்டிய சோறு சமையற்கட்டிலேயே நிற்கிறது. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை என்பார்கள். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். இன்னும் இறங்கினால் மயக்கம், வலிப்பு வரை போகும். உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். சுமார் மூன்று டீஸ்பூன். தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்த்து, இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட், ஐஸ்கிரீம் வேண்டாம். அவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

"சக்கரை குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன். வகுப்பில் கத்துகிற குரல். ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. கேப்டன் ஓடி வந்து, "சுகர் பேஷன்ட்டுன்னு சொன்னீங்களே மேடம், சக்கரை குடுக்கலாமா? டயட் கோக் தரட்டுமா?" என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. படித்த நம் வீடுகளிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையே விஷம் என்று நினைத்துக்கொண்டு, மயங்கி விழும் நேரத்தில்கூடக் கொடுக்கப் பயப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். டயட் பானத்தில் சர்க்கரையே கிடையாது, அதை ஒரு லிட்டர் குடித்தாலும் அந்த நேரத்துக்கு உதவாது.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேசை துடைக்கிற பையன் ஒருவன் காபி வைக்கும் இடத்திலிருந்து சர்க்கரைக் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒடிசாக்காரப் பையன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். யாரும் அவனிடம் சொல்லவில்லை. டம்ளரில் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கி சாரின் கையில் கொடுத்து, அவர் கை நடுங்குவதைப் பார்த்துத் தானே டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாருக்கு முகம் தெளிந்தது. முதல் காரியமாகப் பேத்தியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நீங்கள் பார்த்த அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். பேரன் எடுத்தான். விஷயம் தெரியாமல் என் மருமகள் அதையும் மற்ற படங்களோடு எனக்கு அனுப்ப, நானும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

சாப்பாடு ஒன்பது ஐந்துக்கு வந்தது. ருசியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நான் ஆறிப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. பனீரில் தக்காளியைவிடச் சர்க்கரை அதிகம் (அன்றைக்கு அதுவும் நல்லதுக்குத்தான் என்றார் சார்). தயிர் சாதம் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தது, மேலே மாதுளை முத்து வேறு. சூப் கடைசிவரை வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று அந்தப் பையனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். மகனுக்கு இந்தி தெரியும், கேட்டுச் சொன்னான். மாடியில் ஒரு பிறந்தநாள் விருந்து, அறுபது பேர். சமையலுக்கு இருப்பதோ ஒரே தந்தூரி அடுப்பு. ஏழரை மணியிலிருந்தே கீழ் மேசைகளின் ஆர்டர் சீட்டெல்லாம் வரிசையில் நிற்கிறது. அதாவது, பத்து நிமிடம் என்று சொன்ன அந்த நேரத்தில், பத்து நிமிடத்தில் வராது என்று சொன்னவருக்குத் தெரியும். வந்தவர்கள் எழுந்து வேறு கடைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. என் கோபமெல்லாம் இங்கேதான். சமையல் தாமதமாகலாம், அடுப்பு ஒன்றே ஒன்று இருக்கலாம், நான் ஆறிப்போகலாம். "முக்கா மணி நேரம் ஆகும் சார்" என்று சொல்லியிருந்தால் சார் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். நாங்களும் பக்கத்துக் கடையில் நாலு வாழைப்பழம் வாங்கி வந்து உட்கார்ந்திருப்போம். ஒரு மனிதர் தன் உடம்பு நிலையைச் சொல்லி நேரம் கேட்கிறார். அவருக்குமா வாயில் வந்த நேரத்தைச் சொல்வது?

பில் வந்தது. அரை மணிக்கு முன்னால் கை நடுங்கிய மனிதர், "பேனா குடு" என்றார்! சாப்பாடு 4,200 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் 420. இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 231. ஆக மொத்தம் 4,851. "சேவைக்குக் காசு, அந்தக் காசுக்கும் வரியா?" என்றார் சார்.

இது உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். சர்வீஸ் சார்ஜ் என்பது அரசாங்க வரி கிடையாது. ஹோட்டல்கள் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே நெறிமுறை வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. விருப்பப்பட்டு நாம் கொடுப்பது வேறு, கட்டாயமாக வாங்குவது வேறு. எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மகன் இதை மேனேஜரிடம் சொன்னான். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. 4,410 ரூபாய்க்குப் புது பில் வந்தது. அது மட்டும் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது.

சார் தன் பணத்திலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து அந்தப் பையன் கையில் வைத்தார். அவன் கேப்டன் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, வாங்கத் தயங்கினான். சார் அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.

லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. அறையில் குளுக்கோமீட்டரில் பார்த்தேன், 142. நிம்மதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு மகன் கதவைத் தட்டினான். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஸாரிம்மா, உங்க நாளக் கெடுத்துட்டேன்" என்றான். சார் எழுந்து உட்கார்ந்து, "நீ என்னடா பண்ணுவே, போய்ப் படு" என்றார். அவன் போகவில்லை. முப்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பையன் மாதிரி நின்றான். மூன்று மாதம் யோசித்து, வாரம் முன்னால் மேசை பிடித்து, அப்பா அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறு வாங்கிக் கொடுத்ததற்காக ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது. பணம் போனதைவிட, ருசி போனதைவிட, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலை எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறாமல் பழைய ரோட்டிலேயே போகச் சொன்னேன். பெங்களூரு மைசூரு இடையே 118 கிலோமீட்டர் புது ரோடு 2023 மார்ச்சில் திறந்தார்கள். அது பிடதி, ராமநகரம், சன்னபட்டணா, மத்தூர் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டதால் பழைய ரோட்டுக் கடைகளுக்கு வியாபாரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். பிடதி என்றாலே தட்டே இட்லி. நம் ஊர் இட்லி மாதிரி குழியில் ஊற்றுவதில்லை. சின்னத் தட்டுகளில் மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆவியில் வைப்பது. மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி.

கடையில் நுழைந்ததும் அடுப்படியில் நின்ற பெரியவர், "இப்பத்தான் அடுக்கு வெச்சேன் அஜ்ஜி, இருபது நிமிஷ ஆகும். அவசரன்னா பக்கத்துக் கடைல ரெடியா இருக்கு, அங்க போங்க" என்றார், பாதிக் கன்னடம், பாதித் தமிழில். நாங்கள் எங்கேயும் போகவில்லை. சார் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேத்தியோடு ரோட்டில் போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தட்டு மேசைக்கு வந்த பிறகு மாத்திரையைப் போட்டார். மகன் மூன்று இட்லி சாப்பிட்டான். "ராத்திரியே இங்க வந்திருக்கலாம்" என்று மருமகள் சொல்ல, "ராத்திரி இவங்க கடை இருக்காதே" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு இட்லி இறங்கியது.

ஊருக்கு வந்ததும் எங்கள் டாக்டரைப் பார்த்தோம். வெளியூரில் ராத்திரி வேளைக்கு மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஹோட்டலில் எப்போதும் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள் என்றார். வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரைக்கும் ஒரே விதி கிடையாது.

ஹோட்டல் தொழிலில் இருக்கிற என் பிள்ளைகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் வைத்திருக்கிறான், ஒருத்தி கோயம்புத்தூரில் கேட்டரிங் நடத்துகிறாள். உங்களிடம் டீச்சர் கேட்பது இது ஒன்றுதான். மாத்திரை போடணும், எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். கூட்டம் எழுந்து போனால் போகட்டும்.

சார் இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் நடை, சாயங்காலம் பேத்தியோடு வீடியோ கால். அவரிடம் பேச வேண்டும் என்பவர்கள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கூப்பிட வேண்டாம், தூங்குவார். நாலரைக்கு மேல் கூப்பிடுங்கள்.